சத்தம் எப்போது வருகிறது? வீட்டு வாசலில் வைத்தே இஞ்சின் சத்தத்தைத் தேடும் வழி

போடியிலிருந்து முந்தல் தாண்டி மலை ஏறுகிற வண்டிகள் பாவம். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பூப்பாறை, சாந்தன்பாறை என்று காலையில் ஏறி, சாயங்காலம் இறங்குகிறவர்கள் வண்டியைப் பாதி நேரம் இரண்டாவது கியரில்தான் ஓட்டுகிறார்கள். என் பைக்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. 100 சிசி, நாலு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், காற்றிலேயே குளிர்கிற இஞ்சின். கீழே சொல்வதெல்லாம் இந்த ரக வண்டியை வைத்துத்தான். 125, 150 சிசிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு சித்திரை மாதம் என் வண்டியில் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் தொடங்கியது. கேட்டவர்கள் எல்லோரும் டாப்பட் (இஞ்சின் தலையில், வால்வுக்கு மேலே இடைவெளியைச் சரிசெய்கிற திருகு) என்றார்கள். நானும் அதையே நம்பி, மூன்று முறை திறந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆவது மட்டும் கஷ்டமாகிவிட்டது. ஒரு பட்டறையில், “கிராங்க் போயிருச்சுண்ணே, இஞ்சினை இறக்கணும்” என்றார்கள். கிராங்க் என்றால், பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றுகிற அடித் தண்டு. இறக்க ஒத்துக்கொள்ளும் முன்பு, பூப்பாறையில் ஒரு வயதான மலையாளி மெக்கானிக்கிடம் காட்டினேன். சத்தம் எப்படி இருக்கிறது என்று நான் வாயால் செய்து காட்டப் போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “எப்படின்னு வேண்டாம். எப்ப வருது, எப்ப போகுது, அதைச் சொல்லு.”

யோசித்துச் சொன்னேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கூடுகிறது. பத்து நிமிஷம் ஓடி நன்றாகச் சூடேறியதும் பாதி குறைந்துவிடுகிறது.

அவர் இஞ்சினுக்கு முன்னால் குனிந்து, சைலன்சர் குழாய் ஹெட்டில், அதாவது இஞ்சினின் தலைப்பகுதியில், சேருகிற கழுத்தில் விரலைத் தேய்த்து, எனக்குக் காட்டினார். விரல் நுனி கரியாக இருந்தது. உள்ளே கசிவை அடைக்கிற சின்ன வளைய கேஸ்கெட் நைந்துபோய், புகை அந்த இடுக்கு வழியாகத் துப்பிக்கொண்டிருந்தது. கிராங்க் நன்றாகவே இருந்தது. ஆனால் நான் இறுக்கி இறுக்கி வைத்த டாப்பட், புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பைச் சுட்டுவிட்டிருந்தது. அதற்குத்தான் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அதனால் இந்த வழிமுறை முழுவதும் ‘எப்போது’ என்கிற கேள்வியைப் பிடித்தே போகும். ‘டக் டக்’, ‘கட கட’ என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். நேரம் மாறாது.

கருவியை எடுக்கும் முன்

ஒரு தாளை எடுத்து நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். குளிர்ந்த இஞ்சினில் கூடுகிறதா, சூடானதில் கூடுகிறதா? நியூட்ரலில் நிற்கும்போது வருகிறதா, ஓடும்போது மட்டுமா? ஏற்றத்திலா, ஆக்ஸிலேட்டரை விடும்போதா? கிளட்சைப் பிடித்தால் மாறுகிறதா? இந்த நாலுக்கும் பதில் எழுதினால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

அடுத்தது ஆயில். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, மறுபடி இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்து விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல், சும்மா வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஆயில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், ஊற்றி மேல்கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆயில் குறைந்த இஞ்சினில் எல்லாப் பாகமும் சேர்ந்து சத்தம் போடும். அதில் ஒன்றைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது.

கார் ஆயிலை ஊற்றாதீர்கள். பைக்கில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) என்ற பைக் ஆயில் தரக்குறி போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தடிமன் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். சத்தம் அடங்கட்டும் என்று தடித்த ஆயில் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. அது சத்தத்தைக் கொஞ்ச நாள் மூடி வைக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. குளிர்ந்த காலையில் அந்தத் தடித்த ஆயில் மேலே ஹெட்டுக்கு ஏறவும் நேரமாகும்.

காது வைக்கும் விதம்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேளுங்கள். ஹெட், சிலிண்டரின் இரு பக்கம், கிளட்ச் கவர், மேக்னெட் கவர் (மின்சாரம் தரும் சுழல் காந்தத்தின் மூடி), கிராங்க் கேஸின் அடிப்பகுதி என்று இடம் மாற்றிக்கொண்டே போங்கள். எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ, அதற்குப் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. புகைக் கசிவை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் காட்டாது. அதற்கு ஒரு முழ நீள ரப்பர் ட்யூபை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இஞ்சினைத் தொடாமல் சுற்றிக் கொண்டு போனால் போதும்.

இதைத் திறந்த வாசலில் செய்யுங்கள். மழைக்கு ஒதுங்கித் திண்ணைக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ வண்டியை ஓடவிட்டுக்கொண்டு உட்காராதீர்கள். சைலன்சர் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளைச் சாய்த்த பிறகுதான் தெரியும். வேட்டி, துண்டு, துப்பட்டா எதுவும் செயினுக்குப் பக்கத்தில் தொங்கக் கூடாது.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து வரும் சத்தம்

40-இல் வருகிறது, 50-இல் போய்விடுகிறது என்றால் அது பெரும்பாலும் இஞ்சினுக்கு வெளியே. சைலன்சர் மேல் தகடு, லெக் கார்டு, நம்பர் பிளேட், செயின் கவர், இஞ்சின் மவுண்டிங் போல்ட். நிறுத்தி, அந்த வேகத்துக்கு இணையாக ரேஸ் கொடுத்து, இன்னொருவரை விட்டு ஒவ்வொன்றாகக் கட்டையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான்.

அறிகுறி: வண்டி உருளும்போது மட்டும் வரும் உறுமல்

ஆளில்லாத நேரான சாலையில் 40-க்குக் கொண்டு போய், கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க விடுங்கள். இஞ்சின் அடங்கிவிடும், வண்டி மட்டும் உருளும். சத்தமும் இஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் தேட வேண்டிய இடம் இஞ்சின். அப்படியே தொடர்ந்தால் சக்கர பேரிங், செயின், ஸ்ப்ராக்கெட், அல்லது கியர் பெட்டியின் வெளிப்பக்கம். இதை மலை இறக்கத்தில் செய்து பார்க்காதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று போடிமெட்டிலிருந்து இஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே கியர்தான் முதல் பிரேக்.

அறிகுறி: கிளட்சைப் பிடித்தால் மாறும் சத்தம்

நியூட்ரலில் நிறுத்திச் செய்கிற மிகச் சுலபமான சோதனை இது. சத்தம் இருந்து, கிளட்சைப் பிடித்ததும் நின்றுவிட்டால் கிளட்ச் கூடை, அதன் உள் ஸ்பிரிங்குகள், அல்லது கியர் பெட்டியின் பேரிங். இல்லாத சத்தம் கிளட்சைப் பிடித்ததும் வந்தால், கிளட்சைத் தள்ளுகிற சின்ன பேரிங். கிளட்ச் கூடைக்கும் இந்தச் சின்ன பேரிங்குக்கும் கிளட்ச் கவரைத் திறந்தால் போதும். கியர் பெட்டி பேரிங் என்றால் இஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். முதலில் கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இழுத்துக் கட்டிய கேபிள் அந்த பேரிங்கை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: தையல் மெஷின் மாதிரி, மேலிருந்து வரும் ‘டிக் டிக்’

எல்லோரும் குழம்புகிற இடம் இது, நான் உட்பட. ஏன் குழம்புகிறோம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கிற கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். வண்டி நின்ற இடத்தில் இஞ்சின் நிமிஷத்துக்கு 1,400 சுற்று ஓடும்போது கேம் 700 சுற்று. அதாவது ஒரு வால்வு விநாடிக்குக் கிட்டத்தட்ட 12 முறை தட்டும். புகையும் இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒரு முறைதான் வெளியேறும். ஆகவே டாப்பட்டின் தட்டும் கேஸ்கெட் கசிவின் தட்டும் ஒரே தாளத்தில் விழும். காதால் மட்டும் பிரிப்பது கடினம்.

எப்போது என்று கேட்டால் பிரிந்துவிடும். டாப்பட் சத்தம் பாரம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவில் இருக்கும். சூடான பிறகும் போகாது. கசிவு, ஏற்றத்தில் பலமாகும். குழாய் சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபட்டுக் குறையும். அதனால் முதலில் கசிவைப் பாருங்கள், அதற்கு எதையும் கழற்ற வேண்டாம். இரவெல்லாம் குளிர்ந்த இஞ்சினில், சைலன்சர் கழுத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் அரை நிமிஷத்துக்குள் குமிழி வந்தால் கேஸ்கெட். கரித் தடமும் இருக்கும். புது கேஸ்கெட் போடும்போது பழையது உள்ளேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு கேஸ்கெட் சேர்ந்து உட்கார்ந்தாலும் கசியும். இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் கழுத்து சாய்ந்துவிடும்.

குமிழி வரவில்லை என்றால், சரி, டாப்பட்டைத் திறக்கலாம்.

இஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் மத்தியானம் மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் போதாது, விடியற்காலைதான் சரி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் இஞ்சினைக் கையால் சுற்றுவது லேசாகும். இடது பக்க மேக்னெட் கவரில் இரண்டு வட்ட மூடிகள் இருக்கும். பெரியதற்குள் மேக்னெட் நட்டு, சின்னதற்குள் குறி பார்க்கும் ஓட்டை. நட்டில் ஸ்பானர் மாட்டி, இடது பக்கமிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுங்கள். இந்த ரக இஞ்சினில் சக்கரம் முன்னோக்கி உருளும் திசைதான் அது. ‘டி’ என்ற எழுத்தின் கோடு, ஓட்டையின் குறியோடு சேர வேண்டும். பக்கத்தில் ‘எஃப்’ என்று இன்னொரு கோடு இருக்கும். அது பற்றவைப்புக்கான குறி, அதில் வைத்துவிடாதீர்கள்.

கோடு சேர்ந்தது மட்டும் போதாது. மேலும் கீழும் உள்ள டாப்பட் மூடிகளைக் கழற்றி, வால்வுகளை அழுத்துகிற இரண்டு ராக்கர் கைகளையும் விரலால் ஆட்டுங்கள். இரண்டும் லேசாக ஆடினால் பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் இருக்கிறது. ஏதாவது ஒன்று இறுகி நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபடி ‘டி’-க்கு வாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் வால்வு திறந்திருக்கும்போது அளவு வைத்துவிட்டுப் பிறகு திண்டாடுகிறார்கள்.

டாப்பட் இடைவெளியின் அளவு உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ வரைக்குள் வரும். அந்த அளவு ஃபீலர் கேஜ் தகட்டை ராக்கர் திருகுக்கும் வால்வு நுனிக்கும் நடுவில் விட்டு இழுத்தால், நோட்டுக்குள்ளிருந்து காகிதத்தை உருவுவது போல லேசான பிடிப்பு இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகு கூடவே திரும்பிவிடும். ஆகவே திருகைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பாருங்கள். கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள்.

தகடு இல்லாமல், சத்தம் போகும் வரைக்கும் இறுக்குகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். தளர்ந்த டாப்பட் சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடும். இறுகிய டாப்பட் சத்தமே போடாது. வால்வு முழுதாக மூடாமல், நெருப்புப் புகை அதன் விளிம்பு வழியாகக் கசிந்து, நாளடைவில் சுட்டுவிடும். கம்ப்ரஷன் போகும், ஸ்டார்ட் ஆகாது. என் வண்டிக்கு நடந்தது இதுதான்.

மூடியைத் திறந்திருக்கும்போதே ராக்கர் ஆயிலில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நேற்று ஓடிய வண்டியில் அது வறண்டு கிடந்தால் மேலே ஆயில் வரவில்லை. அளவு சரியாக வைத்தும் இரண்டு வாரத்தில் சத்தம் திரும்பினால் கேம், ராக்கர் முகம் தேய்ந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஆக்ஸிலேட்டரை விடும்போது பக்கவாட்டில் சலசலப்பு

ரேஸைக் கொஞ்சம் ஏற்றி விட்டதும், இறங்கி வருகிற அந்த நொடியில், சங்கிலியைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல வந்தால், கிராங்கிலிருந்து கேமைச் சுற்றுகிற டைமிங் செயின். சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அந்தச் செயின் ஓடும். ஸ்க்ரூ டிரைவரை இரு பக்கமும் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். செயின் நீண்டிருக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ரப்பர் உருளை தேய்ந்திருக்கலாம். செயினை மட்டும் மாற்றி, தேய்ந்த உருளையை விட்டுவைத்தால் சத்தம் சீக்கிரமே திரும்பும். இதைத் தள்ளிப் போடவும் கூடாது. மிகவும் தளர்ந்த செயின் ஒரு பல் தாண்டினால் வால்வு திறந்து மூடுகிற நேரமே மாறிவிடும்.

அறிகுறி: ஏற்றத்தில் மட்டும் ‘கிணுகிணு’

முந்தல் தாண்டியதும், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, மூன்றாவது கியரிலேயே ஏற்ற முயலும்போது, சில்லறைக் காசைக் குலுக்கியது போல ஒரு சத்தம் வரும். நிறைய பேர் இதை டாப்பட் என்று நினைக்கிறார்கள். இது எந்தப் பாகமும் தட்டுகிற சத்தம் இல்லை. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை ஒழுங்காக எரிந்து பரவாமல், ஒரு மூலையில் தானாக வெடிக்கிறது. மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள்.

சோதனை எளிது. ஒரு கியர் குறையுங்கள். உடனே நின்றால் அதேதான். கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மத்தியான வெயிலில் அடிவாரத்து வளைவுகளில் வருகிற இந்தச் சத்தம், மேலே போகப் போகக் குறையும். மேலே காற்று குளிர்ச்சியாகவும் அடர்த்தி குறைவாகவும் இருப்பதால் சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் குறைகிறது. கீழே டாப்பட் பார்த்துவிட்டு மேலே போய், “சத்தம் போயிருச்சு பாரு” என்று நம்பிவிடக் கூடாது.

கியர் குறைத்து ஓட்டியும் வந்தால், பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கலாம், தவறான பிளக் போட்டிருக்கலாம், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று உறிஞ்சிக் கலவை மெலிந்திருக்கலாம். காற்றுக் கசிவுக்குக் கூடவே இன்னொரு அடையாளம் உண்டு: ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இஞ்சின் உடனே இறங்காது. நாக்கிங்கோடு தினமும் மலை ஏறினால் பிஸ்டன் தலையே உருகி ஓட்டை விழலாம். இதற்கும் கிராங்க் பேரிங்குக்கும் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, சரியான நேரத்தில் கியரைக் குறைப்பது.

அறிகுறி: குளிரில் ‘டப டப’, ஐந்து நிமிஷத்தில் அடங்குகிறது

கசிவு இல்லை என்று சோப்புத் தண்ணீர் சொல்லிவிட்டால், பிஸ்டன். தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கிறது. சூடாகி விரிந்ததும் இடைவெளி குறைந்து அடங்குகிறது. நீலப் புகையும் ஆயில் குறைவதும் இல்லாவிட்டால் இது இன்னும் நெடுநாள் ஓடும். பயப்பட வேண்டாம். குளிரில் ரேஸ் கொடுக்காமல் மெதுவாகக் கிளம்புங்கள். புகையும் இருந்தால் தேனிக்கோ வேறெங்கோ நல்ல லேத்துக்குக் கொண்டு போய்ச் சிலிண்டரைக் கடைந்து (‘போர் அடித்து’), 0.25 மி.மீ கூடுதல் அளவு பிஸ்டனில் தொடங்குங்கள்.

அறிகுறி: அடியிலிருந்து கனத்த ‘டொக் டொக்’

சூடானதும் கூடுகிறது, பாரம் ஏற்றினால் கூடுகிறது, கிராங்க் கேஸில் ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் எலும்பில் உறைக்கிறது. இது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் அடிப் பேரிங். உறுதி செய்ய ஒரு வழி: பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் பாதித் தூரத்தில் இருக்கும்படி மேக்னெட்டைச் சுற்றி நிறுத்துங்கள். பிளக் ஓட்டை வழியாக நீளமான இளநீர் ஸ்ட்ராவைப் பிஸ்டன் மேல் நிற்க வைத்து, மேல்முனையைக் கையிலேயே பிடித்திருங்கள். மேக்னெட் நட்டைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் ஆட்டுங்கள். மேக்னெட் நகர்ந்தும் ஸ்ட்ரா அசையாமல் நின்று, அப்புறம் ‘டக்’ என்று கிளம்பினால் பேரிங்கில் இடைவெளி விழுந்திருக்கிறது.

வேகத்தோடு ஏறி இறங்குகிற உறுமலாக, எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி வந்தால் கிராங்கின் மெயின் பேரிங். இரண்டுக்கும் இஞ்சினை இறக்கத்தான் வேண்டும், அது வீட்டு வேலை இல்லை. அதற்கு முன்பு ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுகிற தூள், இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாக மினுங்குவது அலுமினியம், பிஸ்டன் அல்லது ஹெட்டிலிருந்து வந்தது. கொஞ்சம் மினுமினுப்பு எல்லாப் பழைய இஞ்சினிலும் இருக்கும். விரலில் நெருடுகிற செதில் வந்தால் அந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மலையில் இருந்தால் மினி லாரியில் ஏற்றி இறக்குங்கள். இரண்டாவது வளைவில் ராடு உடைந்து சக்கரம் பூட்டிக்கொள்வதைவிட வாடகை எவ்வளவோ மேல்.

எதைத் திறந்து மூடினாலும், 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு குளிர்ந்த காலையில் சைலன்சர் நட்டு, டாப்பட் மூடி, மேக்னெட் மூடி மூன்றையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கி, நட்டு அரைச் சுற்று இளகியிருக்கும்.